குறையுள்ள எரிவாயுக் குழாய் வெல்டு: உடையுமா, தாங்குமா என்று கணிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எரிவாயுக் குழாயில் ஒரு குறை கிடைத்ததும், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் எக்செல் கோப்பைத் திறந்து ஆழத்தையும் நீளத்தையும் தட்டுகிறார்கள். ஒரு எண் வந்துவிடும். எதைக் கொடுத்தாலும் சூத்திரம் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். "இந்தக் குறைக்கு நான் பொருந்துவேனா?" என்று அது கேட்பதில்லை. நான் சரிபார்த்த தவறான மதிப்பீடுகளில் பெருக்கல் பிழை அபூர்வம். பெரும்பாலும் விரிசலுக்கு அரிப்புச் சூத்திரத்தைப் போட்டிருப்பார்கள், அல்லது எந்த வகை வெல்டு என்றே பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் குறைக்கான கணக்கு ஆறாவது படியில்தான் தொடங்குகிறது.

இங்கே பேசுவது நிலத்தில் புதைத்த, உயர் அழுத்த எஃகுக் குழாய்களைப் பற்றி. வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் குழாய்க்கு இது பொருந்தாது. எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 610 மி.மீ. (24 அங்குலம்), சுவர் கனம் 9.5 மி.மீ., எஃகு எக்ஸ்60 தரம் (குறைந்தபட்ச யீல்டு வலிமை, அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 415 மெகாபாஸ்கல்; தகைவு என்பது ஓரலகுப் பரப்பில் விழும் விசை), இயங்கும் அழுத்தம் 70 பார், அதாவது 7 மெகாபாஸ்கல்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

குழாய் ஆலையின் சோதனைச் சான்றிதழ், வெல்டிங் நடைமுறைப் பதிவு, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) அறிக்கை, கடைசி இரண்டு பிக் (குழாய்க்குள் ஓடி அளக்கும் கருவி) ஓட்டங்களின் மூலத் தரவு, கடந்த சில மாதங்களின் அழுத்தப் பதிவு, அந்த இடத்தின் மண், சரிவு பற்றிய குறிப்பு. ஏஎஸ்எம்இ பி31ஜி (அரிப்புக்கு), ஏபிஐ 579 அல்லது பிஎஸ் 7910 (விரிசலுக்கு), ஏஎஸ்எம்இ பி31.8 (எரிவாயுக் குழாய் வடிவமைப்புக்கு) ஆகிய நெறிமுறைகளின் நடப்புப் பதிப்புகளும் வேண்டும். இவற்றில் ஏதாவது கிடைக்கவில்லை என்றால், அந்த இடத்தில் எதை அனுமானித்தீர்கள் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அனுமானமும் அளவீடும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எது எது என்று பிரிக்க முடியாது.

1. தோண்டும் முன் அழுத்தத்தைக் குறையுங்கள்

குறை இருப்பதாகச் சந்தேகம் உள்ள இடத்தைத் திறப்பதற்கு முன், அந்த இடத்தில் சமீபத்தில் உண்மையாக இருந்த அதிகபட்ச அழுத்தத்தின் 80 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். நம் உதாரணத்தில் 56 பார்.

காரணம் எளிது. 70 பாரில் உடையாமல் நின்ற குழாய், 56 பாரில் குறைந்தது 1.25 மடங்கு பாதுகாப்போடு நிற்கும். எந்தச் சூத்திரமும் இல்லாமல் கிடைக்கும் உறுதி இது. அப்புறம், மண்ணை எடுக்கும்போது குழாயைத் தாங்கிய பிடிப்பும் போகிறது, இயந்திரத்தின் வாளி உரசவும் வாய்ப்புண்டு.

இங்கே நடக்கும் பிழை: "சமீபத்திய அதிகபட்சம்" என்பதற்குப் பதில் வடிவமைப்பு அழுத்தத்தின் 80 சதவீதத்தை எடுப்பது. குழாய் ஆறு மாதமாக 50 பாரில்தான் ஓடியிருக்கிறது, வடிவமைப்போ 75 பார் என்றால், 60 பார் என்பது குறைப்பே அல்ல, ஏற்றம். ஆள் குழிக்குள் இறங்கும் வேலை இது. இந்தப் படியைச் சுருக்கும் எந்த அவசரத்தையும் ஏற்காதீர்கள்.

2. குழாயின் பிறப்பை உறுதி செய்யுங்கள்

ஆவணத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. நிறுவனத்தின் பதிவில் அந்தப் பகுதி 'சீம்லெஸ்', அதாவது நீளவாட்டு வெல்டே இல்லாத குழாய் என்று இருந்தது. உண்மையில் அங்கே இருந்தவை 1956-இல் இணைக்கப்பட்ட குட்டைக் குழாய்த் துண்டுகள். அவற்றில் சிலவற்றின் நீளவாட்டு வெல்டு வெளிப்பக்கம் மட்டுமே போடப்பட்டு, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவாமல் இருந்தது. உடைந்தபோது அழுத்தம் 386 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அனுமதிக்கப்பட்ட உச்சமோ 400. சீமே (நீளவாட்டு வெல்டே) இல்லை என்று பதிவு சொன்னதால் சீமைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

குழியில் குழாய் தெரிந்ததும் செய்ய வேண்டியவை இவை. பூச்சை நீக்கி, சீம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டு (ஃப்ளக்ஸ் தூளுக்கு அடியில் உலோகம் உருக்கி நிரப்பும் முறை) என்றால் மேடு தெரியும். இஆர்டபிள்யூ (மின்னோட்டத்தால் விளிம்புகளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் முறை) சீம் வழவழவென்று குழாயோடு மட்டமாக இருக்கும். பாலிஷ் செய்து நைட்டல் கரைசல் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும்) தடவினால்தான் கோடு வெளிப்படும். சுவர் கனத்தை அல்ட்ராசோனிக்கில், குறைக்கு வெளியே குறைந்தது நான்கு இடத்தில் எடுங்கள். பெயரளவு 9.5 என்று இருந்தாலும் 9.1 கிடைக்கலாம். கிடைப்பதைத்தான் கணக்கில் போட வேண்டும்.

3. எந்த வெல்டு, எந்த வகைக் குறை என்று பிரியுங்கள்

முழு வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய படி இதுதான். இங்கே தவறினால் பின்னால் வரும் துல்லியம் எதற்கும் உதவாது.

முதல் கேள்வி: குறை நீளவாட்டு சீமிலா, குழாய்களை இணைக்கும் சுற்று ஜாயின்டிலா? உள் அழுத்தம் குழாயை விரித்துப் பிளக்கப் பார்க்கும் தகைவு (சுற்றுத் தகைவு), குழாயின் நீளத்தோடு ஓடும் குறையைத் திறக்கிறது. சுற்று ஜாயின்டில் உள்ள குறையைத் திறப்பதோ குழாயை நீளவாக்கில் இழுக்கும் தகைவு. புதைந்த நேர்க் குழாயில் அழுத்தத்தால் வரும் நீளவாட்டுத் தகைவு, சுற்றுத் தகைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மண் சரிவு, ஆற்றுப் படுகை அரிப்பு, மோசமாகப் பின்நிரப்பிய பள்ளம் ஆகியவற்றால் வரும் வளைவு அதைப் பல மடங்கு மிஞ்சிவிடும்.

இரண்டாவது கேள்வி: குறை மொட்டையா, கூர்மையா? அரிப்புக் குழி, போராசிட்டி (வெல்டுக்குள் வாயுக் குமிழி), ஸ்லாக் (சிக்கிய கசடு) போன்றவற்றில் முனை மழுங்கி இருக்கும். அங்கே எஃகு நீண்டு, இளகி, தாங்கிக்கொண்டே வந்து பிறகுதான் உடையும். விரிசல், லேக் ஆஃப் ஃப்யூஷன் (வெல்டு குழாய் உலோகத்தோடு ஒட்டாத இடம்), முழுதாக ஊடுருவாத ரூட் (வெல்டின் அடிப்பகுதி) ஆகியவை கூர்மையானவை. முனையில் தகைவு குவிவதால், மீதிச் சுவர் தாங்கும் அளவை எட்டும் முன்பே விரிசல் ஓடத் தொடங்கலாம். முன்னதற்குப் பி31ஜி. பின்னதற்கு முறிவு மதிப்பீட்டு வரைபடம். இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது.

மூன்றாவது கேள்வி: வெல்டு உலோகம் நீளும் தன்மை உள்ளதா? நல்ல சப்மெர்ஜ்டு ஆர்க் சீமின் மேல் அரிப்பு தற்செயலாகப் படர்ந்திருந்தால் பி31ஜி அதை ஏற்கும். பழைய குறைந்த அலைவெண் இஆர்டபிள்யூ சீமின் இணைப்புக் கோட்டில் அரிப்பு இருந்தால் ஏற்காது. அந்தக் கோடு நொறுங்கும் தன்மையுடையதாக இருக்கலாம், அரிப்பும் அதன் வழியே கத்தி வெட்டியது போல ஒடுக்கமாக உள்ளே போகும். பிக் அறிக்கையில் 'உலோக இழப்பு' என்றுதான் வரும். சீமின் கடிகார நிலையும் (குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாக வைத்துச் சொல்லும் இடம்) குறையின் கடிகார நிலையும் ஒன்றா என்று நீங்கள்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் கூர்மையானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வரும் இழப்பு, கூடுதலாக ஒரு நாள் சோதனை மட்டுமே.

4. அளவெடுப்பு

பிக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான காந்தக் கசிவுக் கருவி குழாயின் நீளவாக்கில் காந்தமாக்குகிறது. அதே திசையில் ஓடும் ஒடுங்கிய விரிசல் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். சாதாரண அல்ட்ராசோனிக் பிக் ஓட ஒலியைக் கடத்தத் திரவம் வேண்டும். எரிவாயுக் குழாயில் அது இல்லை. அதனால்தான் எரிவாயுவில் விரிசல் தேட இமாட் (மின்காந்தத்தால் சுவரிலேயே ஒலியை எழுப்பும்) வகைக் கருவியை ஓட்டுகிறார்கள். "பிக் ஓட்டினோம், விரிசல் எதுவும் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தப் பிக் என்று கேளுங்கள்.

குழியில் மேற்பரப்பு விரிசலுக்கு முதலில் மேக்னெடிக் பார்ட்டிகிள் சோதனை (காந்தமாக்கி இரும்புத் தூள் தூவிப் பார்ப்பது). அது நீளத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. ஆழத்துக்குப் பேஸ்டு அரே (பல ஒலி மூலங்கள் கொண்ட தலை) அல்லது டாஃப்ட் (விரிசல் முனையில் சிதறும் ஒலியின் நேரத்தை அளப்பது) முறை அல்ட்ராசோனிக். ரேடியோகிராஃபியை ஆழத்துக்கு நம்பாதீர்கள். அது போராசிட்டியையும் ஸ்லாக்கையும் நன்றாகக் காட்டும். கதிரின் திசைக்குச் சாய்வாக இருக்கும் மெல்லிய விரிசல் படத்தில் வராமலே போகலாம்.

அளவின் பிழையையும் அளவோடு சேர்த்தே எழுதுங்கள். காந்தக் கசிவுக் கருவிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது, சுவர் கனத்தில் கூட்டவோ குறைக்கவோ 10 சதவீதம், அதுவும் 80 சதவீத நிச்சயத்தோடு. அதாவது பத்துக் குறைகளில் இரண்டு அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம். இந்த 10 சதவீதம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்று ஆறாவது படியில் பார்க்கலாம்.

5. சுற்றுத் தகைவும் இட வகுப்பும்

சுற்றுத் தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ (2 × கனம்). நமக்கு 7 × 610 ÷ 19 = 224.7 மெகாபாஸ்கல். யீல்டு வலிமையில் 54 சதவீதம்.

பி31.8 இட வகுப்பு 1 முதல் 4 வரை 0.72, 0.60, 0.50, 0.40 என வடிவமைப்புக் காரணி தருகிறது. மக்கள் நெருக்கம் கூடக் கூடக் காரணி இறங்கும். இந்தியாவில் பிஎன்ஜிஆர்பி (பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்) விதிகளும் இதே வகுப்பு முறையில்தான் போகின்றன. நம் இடம் வகுப்பு 2 என்று வைத்துக்கொண்டால், உடையும் அழுத்தம் இயங்கும் அழுத்தத்தைப் போல 1 ÷ 0.60 = 1.667 மடங்காவது இருக்க வேண்டும்.

குழாய் போட்ட காலத்து வகுப்பை எடுக்காதீர்கள். அன்று வயலாக இருந்த இடம் இன்று குடியிருப்பாக இருக்கும். போய்ப் பாருங்கள்.

6. மழுங்கிய குறை: மாற்றியமைத்த பி31ஜி கணக்கு

நம் குழாயில், சீமுக்கு அப்பால், வெளிப்புற அரிப்பு ஒன்று: ஆழம் 4.2 மி.மீ., குழாயின் நீளவாக்கில் 150 மி.மீ. படிப்படியாகப் போவோம்.

முதலில் நீளக் காரணி: நீளத்தின் வர்க்கம் ÷ (விட்டம் × கனம்) = 22500 ÷ 5795 = 3.88. இதற்கு 'ஸெட்' என்று பெயர்.

அடுத்தது ஃபோலியாஸ் காரணி. ஸெட் 50 வரை இருந்தால்: (1 + 0.6275 × ஸெட் − 0.003375 × ஸெட்டின் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலம். நமக்கு 1.84. மெலிந்த இடம் வெளியே புடைக்கும்போது கூடும் தகைவை இது கணக்கில் கொள்கிறது. நீண்ட குறை அதிகம் புடைக்கும். அதனால்தான் ஆழத்தோடு நீளமும் முக்கியம்.

ஆழ விகிதம் 4.2 ÷ 9.5 = 0.442. இதை 0.85-ஆல் பெருக்கினால் 0.376. குழியின் வடிவம் செவ்வகமாகவும் இல்லை, பரவளைவாகவும் இல்லை என்பதால்தான் இந்த 0.85.

உடையும் தகைவு = (யீல்டு + 69) × (1 − 0.376) ÷ (1 − 0.376 ÷ 1.84) = 484 × 0.784 = ஏறத்தாழ 380 மெகாபாஸ்கல். அழுத்தமாக மாற்றினால் 11.8 மெகாபாஸ்கல். 1.667-ஆல் வகுத்தால் பாதுகாப்பான அழுத்தம் 70.9 பார்.

70 பாரில் ஓடுகிறது, 70.9 வரை பாதுகாப்பு. தேறிவிட்டது என்று கையெழுத்துப் போடலாமா? பொறுங்கள்.

அந்த 4.2 மி.மீ. பிக் சொன்னதாக இருந்தால், கருவிப் பிழையான 0.95 மி.மீ.யைக் கூட்டி 5.15 என்று போட வேண்டும். போட்டால் பாதுகாப்பான அழுத்தம் 65 பாருக்கு இறங்குகிறது. தேறவில்லை.

சரி, தோண்டிய இடத்தில் நேரில் அளந்து 4.2 தான் என்று உறுதியானது. ஆனால் அதே கோட்டில், 20 மி.மீ. தள்ளி, 100 மி.மீ. நீளமுள்ள இன்னொரு அரிப்புக் குழி இருக்கிறது. இடைவெளி சுவர் கனத்தின் மூன்று மடங்குக்கு (28.5 மி.மீ.) உள்ளே இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டும். மொத்த நீளம் 150 + 20 + 100 = 270. அப்போதும் 65 பார்தான் கிடைக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு குழியும் தேறும், சேர்ந்தால் தேறாது. புதியவர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் பிக் பட்டியலில் அவை இரண்டு தனி வரிகளாக வருகின்றன.

இரண்டு எல்லைகளை மறக்காதீர்கள். ஆழம் சுவரின் 80 சதவீதத்தைத் தாண்டினால் எந்தக் கணக்கும் இல்லை, பழுது மட்டும்தான். இன்னொன்று, பி31ஜி உள் அழுத்தத்துக்கு மட்டுமே. மண் சரிவில் வளையும் குழாய்க்கு அது பேசாது.

7. கூர்மையான குறை: முறிவு மதிப்பீட்டு வரைபடம்

இப்போது அதே குழாயின் நீளவாட்டு சீமின் ஓரத்தில், 2 மி.மீ. ஆழம், 60 மி.மீ. நீளத்தில் மேற்பரப்பு விரிசல் ஒன்று. ஆழத்தைப் பார்த்தால் முன்னதில் பாதிகூட இல்லை.

வரைபடத்தின் கிடை அச்சு சுமை விகிதம்: மீதிச் சுவர் இளகும் நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது. நெட்டச்சு முறிவு விகிதம்: விரிசல் முனையின் தகைவுச் செறிவு, பொருளின் முறிவுத் தாங்குதிறனில் எத்தனை பங்கு. இரண்டு விகிதமும் சேர்ந்து ஒரு புள்ளி. அது வளைகோட்டுக்குள் விழுந்தால் ஏற்கலாம், வெளியே விழுந்தால் முடியாது. ஒரே வரைபடத்தில் இரண்டு அச்சு இருப்பதன் பயன், நொறுங்கி உடைவதையும் இளகி உடைவதையும் சேர்த்தே பார்க்கலாம் என்பதுதான்.

தாங்குதிறனிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பழைய குழாய்களுக்கு முறிவுச் சோதனை இருக்காது, சார்பி எண் (சிறு மாதிரியைச் சுத்தியலால் அடித்து உடைக்க ஆகும் ஆற்றல்) மட்டும் இருக்கும். சான்றிதழில் வெல்டுக்கு 27 ஜூல் என்று இருந்தால், பிஎஸ் 7910-இன் கீழ்எல்லைச் சமன்பாடு இப்படி: 12 × √27-இலிருந்து 20-ஐக் கழித்து, அதை (25 ÷ கனம்) என்பதன் நான்காம் மூலத்தால் பெருக்கி, 20-ஐக் கூட்டுங்கள். கிடைப்பது ஏறத்தாழ 74 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர்.

இந்த ஒரு எண்ணில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, 27 ஜூல் எந்த இடத்தில் எடுத்தது? குழாய் உடலின் எண்ணை வெல்டுக்குப் போடக் கூடாது. விரிசல் வெல்டின் ஓரத்தில், வெப்பம் பட்ட பகுதியில் இருக்கிறது. இரண்டு, எந்த வெப்பநிலையில்? அழுத்தம் குறைக்கும் நிலையத்துக்குப் பின்னால் எரிவாயு ஒவ்வொரு பார் வீழ்ச்சிக்கும் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்கிறது. நாற்பது பார் இறக்கினால் இருபது டிகிரி. மூன்று, 9.5 மி.மீ. வளைந்த சுவரிலிருந்து 10 மி.மீ. முழு மாதிரி வெட்ட முடியாது. 7.5 மி.மீ. மாதிரியில் கிடைத்த 20 ஜூலும் முழு மாதிரியின் 27 ஜூலும் ஏறத்தாழ ஒன்றே. மாதிரி அளவைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் கணக்கே மாறிவிடும்.

அடுத்து, விரிசல் முனையின் தகைவுச் செறிவு. வடிவக் காரணி 1.24 என்று வருகிறது. அழுத்தத் தகைவு 224.7-க்கு: 1.24 × 224.7 × √(3.1416 × 0.002) = ஏறத்தாழ 22. இதை 74-ஆல் வகுத்தால் முறிவு விகிதம் 0.30. சுமை விகிதம் ஏறத்தாழ 0.68. அந்த இடத்தில் ஏபிஐ 579-இன் வளைகோடு 0.90 உயரத்தில் இருக்கிறது. புள்ளி வெகு கீழே. நிம்மதியாகத் தோன்றும்.

ஆனால் எஞ்சிய தகைவு இன்னும் சேரவில்லை. வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள எஃகு விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெப்பச் சீராக்கல் செய்யாத வெல்டுக்கு முதல் சுற்றில் யீல்டு வலிமை அளவுக்கே எஞ்சிய தகைவு இருப்பதாக வைக்க வேண்டும்: 415. அதன் செறிவு மட்டும் ஏறத்தாழ 41. இரண்டையும் கூட்டினால் 63, விகிதம் 0.85. அழுத்தமும் எஞ்சிய தகைவும் ஒன்றையொன்று பாதிப்பதற்கான திருத்தத்தையும் சேர்த்தால் 0.96. வளைகோடு 0.90. புள்ளி வெளியே.

0.30-இலிருந்து 0.96-க்குப் போனது ஒரே ஒரு விடுபட்ட வரியால். எஞ்சிய தகைவு அழுத்தத்தை இறக்கினாலும் போகாது என்பதையும் கவனியுங்கள். அழுத்தத்தைப் பாதியாக்கினாலும் விரிசல் முனையில் அது அப்படியே நிற்கிறது.

ஆலையில் குழாயை விரித்துச் சீராக்கியதும், ஹைட்ரோ டெஸ்டும் எஞ்சிய தகைவைக் குறைத்திருக்கும் என்பது உண்மை. இரண்டாம் சுற்றில் அதற்குச் சலுகை எடுக்கலாம். அதற்கு அறிக்கை கையில் இருக்க வேண்டும், எந்த அழுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று இருக்க வேண்டும். "டெஸ்ட் பண்ணியிருப்பாங்க" என்பதற்குச் சலுகை கிடையாது. அந்த இடத்தில் பிற்பாடு பழுது வெல்டு போட்டிருந்தால் பழைய டெஸ்டின் சலுகையும் அதோடு போனது.

சரி, இந்த விரிசலை என்ன செய்வது? பல நேரங்களில் கணக்கை மெருகேற்றுவதைவிட விரிசலை அரைத்து எடுத்துவிடுவது நல்லது. குறைத்த அழுத்தத்தில், அல்ட்ராசோனிக்கில் கனத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே அரைக்க வேண்டும். விரிசல் முழுதும் போய்விட்டது என்று மேக்னெடிக் பார்ட்டிகிள் சோதனை காட்டிய பிறகு மிஞ்சுவது 2.2 மி.மீ. ஆழம், 90 மி.மீ. நீளமுள்ள மழுங்கிய பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். வெல்டு நீளும் தன்மை உள்ளது என்று உறுதியானால் அதைப் பி31ஜி-யில் போடலாம்: பாதுகாப்பான அழுத்தம் 84.9 பார். சுவர் முன்பைவிட மெலிந்துவிட்டது, ஆனால் குழாய் முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது. கூர்மைதான் எதிரி என்று மூன்றாவது படியில் சொன்னதன் கணக்கு வடிவம் இது.

8. நசுங்கல், சுற்று ஜாயின்ட்

சுருக்கமாக: கீறலோ விரிசலோ இல்லாத வெறும் நசுங்கல் விட்டத்தில் 6 சதவீதம் வரை ஏற்கப்படுகிறது. வெல்டின் மேல் என்றால் 2 சதவீதம், அதுவும் நல்ல வெல்டுக்கு. நமக்கு 12 மி.மீ. நசுங்கலோடு கீறலும் இருந்தால் கணக்கு வேண்டாம், பழுதுக்குப் போங்கள்.

சுற்று ஜாயின்டின் குறைக்கு அதே முறிவு வரைபடம்தான், ஆனால் நீளவாட்டுத் தகைவோடு. அந்தத் தகைவு எவ்வளவு என்பதுதான் சிக்கல். குழாய் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பிக்கின் இருப்பிட அளவீட்டுத் தரவைப் பாருங்கள். வெல்டு உலோகம் குழாயைவிட வலிமை குறைவாக இருந்தால், வளையும்போது நீட்சி முழுதும் அந்த ஒடுங்கிய வெல்டிலேயே குவியும்.

9. இன்று தாங்கும். எத்தனை நாள்?

ஆறாவது படியின் தனிக் குழிக்குத் திரும்புவோம். நேரில் அளந்த 4.2 மி.மீ., 70.9 பார். எந்த ஆழத்தில் இது 70 பாருக்கு இறங்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் 4.36 மி.மீ. மிச்சம் 0.16 மி.மீ. மட்டுமே.

அரிப்பு வேகம் தெரியாதபோது வழக்கமாக எடுக்கும் ஆண்டுக்கு 0.4 மி.மீ. என்பதை வைத்தால் ஐந்து மாதம்கூட இல்லை. 'தேறியது' என்ற குறைக்கு இதுதான் ஆயுள். மறுஆய்வுக்கான காலம் இந்த ஆயுளில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

இரண்டு பிக் ஓட்டங்களை ஒப்பிட்டு வேகம் கண்டுபிடிக்கும்போது, இரண்டுக்கும் தனித்தனிப் பிழை உண்டு என்பதை மறக்காதீர்கள். ஒரே வகைக் கருவி, ஒரே குழி என்று பொருத்திப் பார்த்த பிறகே கழிக்க வேண்டும். பட்டியலில் உள்ள எண்களை வரிசைப்படி கழித்து, அரிப்பு குறைந்திருப்பதாகக் காட்டிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். எஃகு திரும்ப வளராது.

10. உடைந்தால் யாரைத் தொடும்

இதுவரை பார்த்தது உடையும் வாய்ப்பு. ஆபத்து என்பது அதோடு விளைவும் சேர்ந்தது. பி31.8எஸ் (பி31.8-இன் துணை நெறிமுறை) தரும் தாக்க ஆரம் (உடைந்தால் பாதிப்பு எட்டும் தூரம்), மெட்ரிக்கில்: 0.00315 × விட்டம் (மி.மீ.) × √அழுத்தம் (கிலோபாஸ்கல்). நமக்கு 0.00315 × 610 × √7000 = 161 மீட்டர்.

வரைபடத்தில் குறையை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போடுங்கள். பிறகு நடந்து போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வாரச் சந்தை கூடும் திடல் எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் தெரியாமல் போகலாம். அருகிலுள்ள வால்வுகள் தானாக மூடுமா, ஆள் போய்த்தான் மூட வேண்டுமா என்றும் எழுதுங்கள். சான் புரூனோவில் எரிவாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது.

11. முடிவும் பழுதும்

உலோக இழப்புக்குக் கூட்டிழைச் சுற்றுக்கட்டு (பிசினில் தோய்த்த இழைத் துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டுவது) போதும், ஆனால் கசிவுக்கும் விரிசலுக்கும் அது கூடாது. உட்புற அரிப்புக்கும் கூடாது, அரிப்பை நிறுத்தாதவரை. சுற்றுக்கட்டுக்கு அடியில் சுவர் தொடர்ந்து தேயும். முனைகள் குழாயோடு வெல்டு செய்யப்படும் பி வகை ஸ்லீவ் (குழாயைச் சுற்றிப் போடும் எஃகு உறை) அழுத்தத்தைத் தாங்கும், கசிவுக்கும் விரிசலுக்கும் அதுதான். ஏ வகை ஸ்லீவ் குழாயை அணைத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எரிவாயு ஓடும்போதே வெல்டு செய்வதாக இருந்தால், சுவர் 6.4 மி.மீ.க்குக் கீழே இருக்கும் இடத்தில் துளை விழும் ஆபத்தைத் தனியாக மதிப்பிடுங்கள். ஓடும் எரிவாயு வெல்டைச் சட்டென்று குளிர்விப்பதால் அந்த இடம் கடினமாகி, ஹைட்ரஜன் விரிசல் மணிக்கணக்கில் தாமதமாக வரும். குறைந்த ஹைட்ரஜன் எலக்ட்ரோட் வேண்டும். முடித்த கையோடு ஒரு முறை சோதித்துவிட்டு மண்ணைத் தள்ளாதீர்கள். 24 முதல் 48 மணி நேரம் விட்டு மறுபடி சோதியுங்கள்.

கோப்பில் கடைசியாகப் போக வேண்டியவை: அளந்த எண்கள், அளந்த கருவி, எடுத்த பிழை, அனுமானங்கள், எந்த நெறிமுறையின் எந்தப் பதிப்பு, சீமின் புகைப்படம், தகுதி பெற்ற பொறியாளர் இருவரின் கையெழுத்து. இரண்டாமவர் உங்கள் எக்செல் கோப்பைத் திறக்காமல், அளவீட்டுத் தாளிலிருந்து தானே முதலிலிருந்து கணக்கிட வேண்டும். அழுத்தத்தை 56 பாரிலிருந்து மறுபடி ஏற்றுவது அந்த இரண்டாவது கையெழுத்து விழுந்த பிறகு.